சிறிய விமானத்தில் நெடும்பயணம்: புறப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடும் தவறுகள்

சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்த சிறிய விமானத்தில் பல நாள் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வரைபடத்தை விரித்து, ஆசைப்பட்ட இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைப்பார்கள். அடுத்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தேதி எழுதுவார்கள். பெரும்பாலான தவறுகள் அந்தத் தேதியில்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம். பணம் கட்டிய விடுதி அறை, விடுப்பு முடியும் நாள், கூட வருபவர் பிடிக்க வேண்டிய ரயில் எல்லாம் சேர்ந்து, மேகம் தாழ இறங்கியிருக்கும் ஒரு காலையில் பைலட்டை ஓடுபாதைக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துச் செயென் நகரில் நடந்தது இதுதான். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையுடனும் பயிற்சியாளருடனும் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கும் பயணத்தின் இரண்டாம் நாள் அது. இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானத்தில் அனுமதித்ததைவிடக் கூடுதல் எடை. அந்த விமான நிலையமோ கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். ஏறிய சற்று நேரத்திலேயே விமானம் விழுந்து மூவரும் இறந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் கிளம்ப எடுத்த முடிவே காரணம் என்றது. அளவுக்கு மீறி நெருக்கிப் போட்ட பயண அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்க நினைத்ததும் அதற்குத் துணைபோனது என்று எழுதியது. அந்த வரியை நெடும்பயணம் திட்டமிடும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

ஆகவே வெற்று நாள் வையுங்கள். மூன்று நாள் பறப்புக்கு ஒரு நாள் எதுவும் எழுதாமல் விடுவது என் கணக்கு. மலைநாட்டிலும் கடலோரத்திலும் அதுவே போதாமல் போகலாம். அந்த நாட்களைக் கடைசியில் மொத்தமாகக் குவிக்காமல் இடையிடையே பரப்புங்கள். வழியில் எந்தெந்த ஊரில் விமானத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பேருந்திலோ ரயிலிலோ வீடு திரும்ப முடியும் என்பதையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் வரும். கூட வருகிறவர்களிடமும் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்: பட்டியலில் இருக்கும் இடங்களில் ஒன்றிரண்டைப் பார்க்காமலே திரும்ப நேரலாம்.

எந்த வானிலையில் கிளம்ப மாட்டோம் என்பதையும் வீட்டிலிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். மேகத்தின் அடிமட்டம், பார்வைத் தூரம், காற்றின் வேகம் மூன்றுக்கும் தெளிவான எண்கள் வேண்டும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத 20 பேருக்கு, வெளியே எதுவும் தெரியாத நிலையை உண்டாக்கிப் பறக்கவிட்டார்கள். ஒருவர் விடாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. 'கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம், திறந்துவிடும்' என்று மேகத்துக்குள் நுழைகிறவர் கையில் இருக்கும் நேரம் அவ்வளவே.

நான்கு இருக்கை என்றால் நான்கு பேர் அல்ல

உலகில் மிக அதிகமாகத் தயாரான சிறிய விமானமான செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். அதன் எஸ் வகைக்குப் புறப்படும்போது அனுமதித்த உச்ச எடை 1,157 கிலோ. வெற்று விமானத்தின் எடையைக் கழித்தால் ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோ கிடைக்கும். பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 200 லிட்டர். சிறிய விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் அது மட்டுமே 144 கிலோ. மிச்சம் 256. ஆளுக்கு 75 கிலோ என்றாலும் நான்கு பேருக்கு 300 கிலோ ஆகிவிடுகிறது, ஒரு பை கூட ஏற்றாமல். முழுத் தொட்டியோடு போவதானால் மூன்று பேரும் 30 கிலோ சாமானும்தான். நான்காமவரை ஏற்றினால் எரிபொருளைக் குறைத்து, அடிக்கடி இறங்க வேண்டும். உங்கள் விமானத்தின் எண்கள் வேறாக இருக்கும். அவை அதன் எடை ஏட்டில் இருக்கின்றன. ஆட்களையும் பைகளையும் தராசில் ஏற்றி எடை பாருங்கள், கேட்டு எழுதாதீர்கள். கனமான பெட்டிகளைப் பின்னால் அடுக்கினால் மொத்த எடை சரியாக இருந்தும் சமநிலை கெடும்.

இதோடு வெயிலையும் உயரத்தையும் சேர்க்க மறப்பதுதான் பலர் செய்யும் பிழை. 5,000 அடி உயர விமான நிலையத்தில் வழக்கமாக இருக்க வேண்டிய வெப்பம் 5 டிகிரி. அங்கே 30 டிகிரி அடித்தால், ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் சுமார் 120 அடி என்ற கணக்கில், விமானம் 8,000 அடியில் இருப்பதுபோலத் தடுமாறும். இறக்கைக்குக் காற்று போதாது, இயந்திரத்துக்கும் போதாது. கடலோர ஊரில் சட்டென்று எழும்பிய அதே விமானம் இங்கே ஓடுபாதை முடியும்வரை ஓடும். ஏறினாலும் எதிரே நிற்கும் மலையைவிட மெதுவாகத்தான் ஏறும். மலை ஊர்களில் விடியற்காலையில் கிளம்புங்கள். பிற்பகலில் மலையோரம் இடிமேகம் எழும் என்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

பார்ப்பதற்காகப் பறக்கும்போது

சுற்றுலாப் பறப்புக்கென்றே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அலாஸ்காவில் 'மூஸ் ஸ்டால்' என்பார்கள்; ஸ்டால் என்றால் இறக்கை தூக்குவிசையை இழப்பது. கீழே மூஸ் மான் தெரிகிறது. பைலட் வேகத்தைக் குறைத்து, தாழ இறங்கி, அதைச் சுற்றி வட்டமிடுகிறார். மான் மறையப்போவதுபோல் தெரிய, வட்டத்தை இன்னும் இறுக்குகிறார். கண் கீழே, கை பழக்கத்தில். 60 டிகிரி சாய்த்துத் திருப்பும்போது இறக்கை தாங்க வேண்டிய சுமை இரண்டு மடங்கு. நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தூக்குவிசை இழக்கும் விமானம் இப்போது 70 நாட் வேகத்திலேயே இழந்துவிடும். தரை பக்கத்தில் இருப்பதால் மீட்க இடமிருக்காது. மானுக்குப் பதில் அருவி, கோட்டை, திமிங்கலம், நண்பரின் வீடு எதுவானாலும் நடப்பது இதுவே. பறப்பவர் பறக்கட்டும், பார்ப்பவர்கள் பார்க்கட்டும், படம் எடுப்பது எப்போதும் வேறொருவர் வேலை. இரண்டு பைலட்டுகள் போனால் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தாக்கின் நடுவே பறப்பது கண்ணுக்கு இனியது, ஆனால் தவறானது. வந்த வழியே திரும்ப நேர்ந்தால் இருபக்கமும் பாதி இடம்தான் கிடைக்கும். 120 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 1,350 மீட்டர். 90 நாட்டுக்குக் குறைத்தால் 760 மீட்டர். ஒரு சுவரை ஒட்டிப் பறந்தால் முழு அகலமும் திரும்பக் கிடைக்கும். தரை உயர்ந்துகொண்டே போகும் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாக நுழையவே கூடாது. மேலேயிருந்து வந்து கீழ்நோக்கி வெளியேறுங்கள். மலைமுகட்டைக் கடக்கும்போது 2,000 அடி மேலே, 45 டிகிரி கோணத்தில் அணுகினால், காற்று கீழே அழுத்தும்போது விலகித் திரும்பச் சிறு திருப்பம் போதும்.

எல்லோரும் பார்க்க விரும்பும் இடத்தின் மேலே வானமும் நெரிசலாகத்தான் இருக்கும். 1986 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே சுற்றுலா விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தனர். அதன் பின்புதான் அங்கே தனி வழித்தடங்களும் உயர விதிகளும் வந்தன. புகழ்பெற்ற இடம் எதுவானாலும் அதற்கென்று தனி விதி இருக்கும் என்று எண்ணித் தேடுங்கள். கிளம்பும் அன்று காலை நோட்டாம் எனப்படும் பைலட்டுகளுக்கான அறிவிப்புகளையும் ஒருமுறை பாருங்கள். படம் எடுப்பவருக்கு ஒரு சொல்: லென்ஸில் போலரைசர் வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள், அதோடு எடுத்தால் விமானத்தின் பிளாஸ்டிக் சன்னல் வழியே வானவில் கறைகள் விழும். லென்ஸைச் சன்னலில் சாய்க்காதீர்கள், அதிர்வில் படம் கலங்கும்.

எரிபொருளும் காகிதமும்

எரிபொருள் எவ்வளவு என்று கணக்கிடுகிறவர்கள் அது அங்கே இருக்கிறதா என்று கேட்க மறக்கிறார்கள். பெரும்பாலான சிறிய பிஸ்டன் இயந்திரங்களுக்கு ஏவ்கேஸ் வேண்டும். உலகின் பல பகுதிகளில் பெரிய விமான நிலையத்தில்கூட ஜெட் எரிபொருள் மட்டும்தான் இருக்கும். முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, இருக்கிறதா, எத்தனை மணிவரை, விடுமுறை நாளில் உண்டா, எப்படிப் பணம் கட்ட வேண்டும் என்று நான்கையும் கேளுங்கள். நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். 100எல்எல் வகை ஏவ்கேஸ் நீல நிறம். பிஸ்டன் இயந்திரத்துத் தொட்டியில் ஜெட் எரிபொருள் ஊற்றப்பட்டு விமானங்கள் விழுந்திருக்கின்றன.

எதிர்க்காற்றும் ஏமாற்றும். 120 நாட் வேகத்தில் 300 கடல் மைலுக்கு இரண்டரை மணி நேரம். 30 நாட் எதிர்க்காற்றில் அதுவே மூன்று மணி இருபது நிமிடம். திரும்பும்போது பின்காற்று ஈடுகட்டும் என்றால், கட்டாது: அப்போது இரண்டு மணி நேரம், ஆக மொத்தத்தில் இருபது நிமிடம் கூடுதல். பகலில் 30 நிமிட இருப்பு என்பது பல இடங்களில் சட்டம் கேட்கும் குறைந்த அளவு. அடுத்த எரிபொருள் தொலைவில் இருக்கும் நெடும்பயணத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

எல்லை கடப்பதானால் உரிமத்தைப் பாருங்கள். 1944 சிகாகோ ஒப்பந்தப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் பைலட்டிடம் இருக்க வேண்டும். வேற்று நாட்டில் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் இதற்குச் சில மாதம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. சுங்கம் இருக்கும் விமான நிலையத்தில்தான் முதலில் இறங்க முடியும். காப்பீடு எந்தெந்த நாடுகளில் செல்லும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மனித உடலும் ஒரு கணக்கு. கழிப்பறை இல்லாத அந்தச் சிறு அறையில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்காருவது சுற்றுலா ஆகாது. அதற்கஞ்சி தண்ணீர் குடிக்காமல் இருப்பது, உயரத்தில், வெயிலில், பைலட்டின் கவனத்தையே கெடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை பறந்தால் போதும்.

இரவில் கட்டிவைக்கக் கயிறும் முளைகளும் கையோடு எடுத்துப் போங்கள். சிறிய தளங்களில் இருக்காது. கடலுக்கு மேல் போவதானால் மிதவை அங்கி பையில் இருந்தால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கும்போது அதை ஊதக் கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்தால் ஊதிய அங்கி கூரையோடு சேர்த்து அழுத்திவிடும்.

இறங்கியதும் எல்லோரும் இயற்கைக் காட்சியைப் பார்க்கக் கலைந்துவிடுவார்கள். பைலட் அதற்குமுன், கிளம்பும்போது பதிவுசெய்த ஃப்ளைட் பிளானை (பறப்புத் திட்டத்தை), வந்துசேர்ந்துவிட்டோம் என்று தெரிவித்து முடித்துவைக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஊரில் அதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். வந்துசேர வேண்டிய நேரம் கடந்து அரை மணியில், காணாமல் போனதாக எண்ணி உங்களை அதிகாரிகள் தேடத் தொடங்குவார்கள்.