புதுப்பித்த பிறகும் பழையதாகவே ஓடும் வெப் சர்வர்

லினக்ஸ் சர்வரைப் பராமரிப்பவரிடம் அப்டேட் பற்றிக் கேட்டால், போன வாரமே போட்டாயிற்று என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது பொய்யல்ல. ஆனால், டிஸ்கில் புதியது இருக்க, மெமரியில் பழையது ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள்களில் இல்லை. அவை மறையாக்கத்துக்குப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியில் (பல மென்பொருள்கள் பகிரும் நிரல்தொகுப்பில்) இருந்தது. அந்த லைப்ரரியை மாற்றிய பின்னரும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர், தான் தொடங்கியபோது ஏற்றிக்கொண்ட பழைய கோப்பையே, அது டிஸ்கிலிருந்து நீக்கப்பட்டாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்தக் கோப்புகளை மெமரியில் வைத்திருக்கிறது என்று காட்டும் மேப்ஸ் கோப்பைத் திறந்தால், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கோப்பான லிப்எஸ்எஸ்எல் உள்ள வரியின் கடைசியில் ‘டெலீட்டட்’ என்ற குறிப்பைப் பார்க்கலாம். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்வதாலும், அதாவது நிறுத்தாமல் அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்கவைப்பதாலும், இது தீராது. தலைமை நிரலான மாஸ்டர் புராசஸ் மாறாமல் இருப்பதால், அதிலிருந்து கிளைத்துக் கோரிக்கைகளைக் கவனிக்கும் புதிய வொர்க்கர்களும் பழைய லைப்ரரியுடனேயே வருகின்றன. முழுதாக நிறுத்தித் தொடங்கும் ரீஸ்டார்ட்தான் வழி. எந்தெந்தச் சேவைகளுக்கு அது தேவை என்பதை டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் நீட்ரீஸ்டார்ட் கருவி பட்டியலிடும். ரீஸ்டார்ட்டுக்கு முன் கான்ஃபிக் கோப்பை (அமைப்புகள் எழுதப்பட்ட கோப்பை) சோதிக்காமல் விடுவது தனித் தவறு: ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் போதும், தளம் எழுந்திருக்காது.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவதும் தவறே. ஹார்ட்பிளீடை ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 1.0.1ஜி பதிப்பில் அடைத்தபோது, டெபியன் 7 அதே திருத்தத்தைத் தன்னிடமிருந்த 1.0.1ஈ பதிப்பிலேயே சேர்த்து, பேக்கேஜ் எண்ணின் வால்பகுதியை மட்டும் மாற்றியது. இதை அறியாமல் மூல நிரலை இறக்கிக் கையால் கம்பைல் செய்பவர் (இயங்கும் நிரலாகத் தாமே மாற்றி நிறுவுபவர்), அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தையும் தாமே கவனித்துப் போட வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்; எத்தனை பேர் அதைத் தொடர்ந்து செய்வார்கள் என்பது எனக்கு ஐயமே.

புதிய பதிப்பென்றால் பாதுகாப்பு என்பதும் உறுதியில்லை. அப்பாச்சி 2.4.49இல்தான், இணையக் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளை அயலார் படிக்கவிடும் ஓட்டை புதிதாக நுழைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று வந்த 2.4.50 அதை முழுமையாக அடைக்கவில்லை. மூன்றே நாளில் 2.4.51 வர வேண்டியிருந்தது. முதல் திருத்தத்தோடு நின்றவர்களுக்கு ஓட்டை முழுதாக அடைபடவில்லை.

தானியங்கி அப்டேட்டை நம்புவோர் ஒன்றைப் பார்க்க வேண்டும். உபுண்டுவின் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் கருவி, இயல்பாக உபுண்டுவின் சொந்தக் களஞ்சியங்களை (மென்பொருள்களை இறக்கும் மூலங்களை) மட்டுமே கவனிக்கும். என்ஜின்எக்ஸை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால், அனுமதிப் பட்டியலில் அந்த மூலத்தை நாமே சேர்க்காத வரை, அதற்கு மட்டும் அப்டேட் வராது.