ரைட்டர் நாற்காலியும் பெல்ட்டுத் துளையும்

காவல் வேலை என்றாலே ஓட்டம்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருக்கோ எஃப்.ஐ.ஆர்., கேஸ் டைரி என்று நாற்காலியிலேயே பொழுது போய்விடும். காலைப் பரேடு முடிந்துவிட்டதே என்ற சமாதானம் போதாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடந்து வாருங்கள். செல்போனில் நின்றபடியே பேசுங்கள்.

முக்கியமானது, சாப்பிட்டபின் பத்து நிமிட நடை. கால் தசைகள் ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரவுப் பணியில் பரோட்டா சாப்பிட்டவருக்கு இது கட்டாயம்!

பெல்ட்டில் புதுத் துளை போடும் நாள் வந்தால், டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். இந்தச் சுற்றளவுக்கு எல்லை இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.