கழிமுகக் காப்பகத்துக்கு முதல்முறை போகிறீர்களா? நடந்தும் படகிலும் சுற்றிப் பார்க்கும் முறை

ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள இயற்கைக் காப்பகத்துக்குக் கிளம்பும்போது பலரும் முதலில் விசாரிப்பது திறக்கும் நேரத்தைத்தான். அதோடு, அன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதையும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் படகு போன கால்வாயில் மதியம் வெறும் சேறு கிடக்கும். கரையோரம் கூட்டமாக நின்ற பறவைகள் சில மணி நேரத்தில் தொலைவில் புள்ளிகளாகிவிடும். அதனால் திட்டத்தை, கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையிலிருந்து தொடங்குவோம்.

படி 1: ஓத அட்டவணையைப் பாருங்கள்

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று போனவர் சொன்ன நேரம் இன்றைக்குப் பொருந்தாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அரைநிலா நாட்களில் இரண்டும் அடங்கியிருக்கும். புதியவர்கள் படகில் போவதற்கு அரைநிலா நாட்களே நல்லவை. பறவை பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு, நீர் கரைவரை ஏறிவரும் பௌர்ணமி, அமாவாசை நாட்கள் பிரமாதம்.

நீர் ஒரே வேகத்தில் இறங்காது. காலை 10 மணிக்கு 3.2 மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர் மாலை 4.12-க்கு 0.8 மீட்டருக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2.4 மீட்டர் வித்தியாசம். முதல் ஒரு மணி நேரத்தில் 0.2 மீட்டர்தான் இறங்கும். அடுத்த மணியில் 0.4, மூன்றிலும் நான்காவதிலும் 0.6 வீதம், பிறகு 0.4, கடைசியில் 0.2. கடலோடிகள் கையாளும் தோராயக் கணக்கு இது. நடுவில் வரும் அந்த இரண்டு மணி நேரத்தில் நீரோட்டம் மிகக் கடுமையாக இருக்கும். துடுப்புப் படகில் முதல்முறை ஏறுகிறவர் அந்த நேரத்தில் எதிரோட்டத்தில் மாட்டக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். அட்டவணையில் இருப்பது துறைமுகத்துக்கான நேரம். ஆற்றில் உள்ளே போகப்போக உச்சம் தாமதமாகத்தான் வரும். எவ்வளவு தாமதம் என்று காப்பக ஊழியரிடம் கேளுங்கள். அட்டவணைக்கு வானிலையும் தெரியாது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கிப் பலத்த காற்று வீசினால் இன்னும் ஏறும்.

படி 2: நடையா, படகா?

முதல் தடவைக்கு நடைதான் என் தேர்வு. நீர் உச்சத்தைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் முழுக்க, கரையிலோ பறவை பார்க்கும் மறைவிடத்திலோ உட்கார்ந்து பாருங்கள். சேற்றுவெளி சுருங்கச் சுருங்க, அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகளை நீரே உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். கால்வாய்கள் எங்கே, மேடு எங்கே என்பதும் கண்ணுக்குப் புரிந்துவிடும். அடுத்த முறை படகில் போகும்போது அது கைகொடுக்கும்.

படி 3: எடுத்துச் செல்ல வேண்டியவை

8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீட்டர்) போதும். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுபவை ஆடும் படகில் உதவாது. குடிநீர், தொப்பி, விசில், நீர்புகாத உறையில் போன், காலோடு ஒட்டி நிற்கும் காலணி. ரப்பர் செருப்பைச் சேறு உருவிக்கொள்ளும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 4: நடக்கும்போது

போட்ட பாதையையும் மரப் பாலத்தையும் விட்டு இறங்காதீர்கள். சேற்றில் நடக்க அனுமதி உள்ள இடங்களிலும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றுக்கும் பொதுவான வாடன் கடலில் சேற்றுநடை பெயர்பெற்றது; அங்கேயும் தொலைவு நடைக்கு வழிகாட்டியோடுதான் இறங்குவார்கள். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, முழுதாக வற்றும் முன்பே திரும்ப வேண்டும். ஏற்றம் எப்போதும் கடல் பக்கமிருந்து முன்னால் தெரிய வராது. உங்களுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள தாழ்ந்த கால்வாய்கள் முதலில் நிரம்பிவிடும். 2004-இல் இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போனவர்களில் குறைந்தது 21 பேரின் உயிரை இப்படி ஏறிவந்த ஓதம் பறித்தது.

கால் புதைந்தால் திமிறாதீர்கள். பின்பக்கம் சாய்ந்து உடல் எடையைப் பரப்புங்கள். ஒவ்வொரு காலாக மெல்ல அசைத்து எடுங்கள்.

வெப்பமண்டலக் கழிமுகமாக இருந்தால் மரப் பாலத்தில் ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். நிழல் விழுந்ததும் வளைக்குள் மறைந்த நண்டுகள் சில நிமிடத்தில் எட்டிப்பார்க்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருப்பது ஆண். சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, உணவைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாகக் கீழே போடும். பக்கத்திலேயே சேற்றுத்தாவி மீன் முன்துடுப்புகளை ஊன்றித் தத்திப் போகும். தோல் காயாமலிருக்க ஈரச் சேற்றில் புரண்டு எழும். அலையாத்தி மரத்தடியில் ஈட்டி முனைகள் மாதிரி நிற்பவை மூச்சு வேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். மிதித்து உடைத்துவிடாதீர்கள்.

படி 5: படகில் போகும்போது

உயிர்காப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. நீங்களே துடுப்புப் போடுவதாக இருந்தால், உச்ச நீருக்கு இரண்டு மணி நேரம் முன்பு புறப்பட்டு, ஏறும் நீரோடு ஆற்றின் உட்புறம் போங்கள். நீர் நின்று திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள். வற்றும் நீரே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். கனமழை பெய்த அடுத்த நாட்களில் இந்தக் கணக்கு எடுபடாது. ஆற்று வெள்ளம் வற்றத்தோடு சேர்ந்து கடல் பக்கம் இழுக்கும். முகத்துவாரத்தின் மணல்திட்டில் அலை உடையும் இடத்துக்கு முதல்முறை போகிறவர்கள் நெருங்கவே வேண்டாம். காற்று ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப்பக்கமுமாக இருந்தால் அமைதியான நீர்கூடக் குத்தலாக அலையடிக்கும்.

இயந்திரப் படகானால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும், தாழ்வான கூடுகளை நனைக்கும். ஆழமில்லாத இடத்தில் சுழலும் விசிறி கடற்புல்லைச் சீவிவிடும். உவர்நீர் முதலை உள்ள ஆறுகளில் கையைத் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள், கரையோரம் இறங்காதீர்கள்.

படி 6: பறவைகளிடம் எவ்வளவு நெருங்கலாம்?

மீட்டர் கணக்கைவிடப் பறவையின் நடத்தையே நல்ல அளவுகோல். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். விலகி நடந்தாலோ, குரல் கொடுத்தாலோ பின்வாங்குங்கள்.

இது வீண் கறார் இல்லை. 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாட்களில், எங்கும் இறங்காமல், சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. இப்படிப்பட்ட பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இவை சேற்றில் வாழும் சிப்பி, புழு போன்ற சிற்றுயிர்களைத் தின்றுதான் சேர்க்கின்றன. அதுவும் சேறு வெளியே தெரியும் மணிகளில் மட்டும். நீர் உச்சத்தில் நிற்கும்போது மேட்டில் ஓய்வெடுக்கும். ஒரு நல்ல புகைப்படத்துக்காக அந்தக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், சேர்த்த கொழுப்பு அங்கேயே செலவாகும். ட்ரோனும் நாயும் வேண்டாம். பல காப்பகங்களில் இரண்டுக்கும் தடை உண்டு.

படி 7: திரும்பிய பிறகு

காலணியிலும் படகின் அடியிலும் ஒட்டிய சேற்றை அங்கேயே தட்டிக் கழுவிவிடுங்கள். அந்நியச் செடிகளின் விதை அதில்தான் ஊர்விட்டு ஊர் போகும். பார்த்த பறவைகளை இபேர்ட் செயலியில் தேதி, நேரம், எண்ணிக்கையோடு பதிவுசெய்யலாம். நீர் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா என்பதையும் குறிப்பில் சேருங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுத வேண்டாம்.