சொந்த அறிவின் வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த அவர்களுக்கு உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட் நுண்ணறிவுச் சோதனை நடத்தினார். சராசரி 100 எனக் கொள்ளும் அந்த அளவுகோலில் ஹெர்மன் கோரிங் 138 புள்ளிகளும், ஆர்தர் ஸைஸ்-இன்குவார்ட் 141 புள்ளிகளும் பெற்றனர். கூர்மதி தன்னளவில் ஒருவரை நல்லவராக்கிவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆசை எதைக் கேட்டாலும் அதற்கு நியாயம் தேடித் தரும் திறமை அறிவுக்கு உண்டு; ஆகவே, நமக்கு லாபமுள்ள ஒரு முடிவை எடுக்கும்போது அந்த நியாயத்தைச் சோதிக்கப் பழக வேண்டும்.

முதலில், காரணங்களை அடுக்குவதற்கு முன், நீங்கள் விரும்பும் முடிவை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். இருவர் செய்த வேலைக்குத் தனியாகப் பெயர் வாங்க நினைக்கிறீர்கள் என்றால், அதை மழுப்பாமல் அப்படியே எழுத வேண்டும். பிறகு காரணங்களை எழுதி, உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் கூட வேலை செய்தவரின் பெயரையும், அவர் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயரையும் போட்டு, வேறொரு சொல்லையும் மாற்றாமல் வாசியுங்கள். சற்றுமுன் நியாயமாக ஒலித்த வாக்கியம் இப்போது எரிச்சலூட்டினால், அதைக் கட்டியது ஆசைதான். காரணம் எவ்வளவு நேர்த்தியாக அமைகிறதோ அவ்வளவு கூடுதலாகச் சந்தேகப்படுவது என் வழக்கம்.

அவசரத்தில் முடிவெடுக்காதீர்கள். 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஆய்வில், சமய ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வேறொரு கட்டடத்துக்குப் போகும் வழியில், துன்பத்தில் இருப்பதுபோல் நடித்த ஒருவரைக் கடந்து செல்ல நேர்ந்தது; நேரம் மிச்சமிருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர், தாமதமாகிவிட்டது என்று நம்பியவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர். படித்த அறம் அவர்களிடம் இருந்தது, நிற்க நேரம் இல்லை.

'நான் நேர்மையானவன்' என்ற பழைய நற்பெயரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற ஆய்வாளர்கள் இருவர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஓரிடத்தில் ஏமாற்றாத பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது.

இத்தனைக்குப் பிறகும் காரணம் நிலைத்து நின்றால், செயலில் இறங்குவதற்கு முன், அதனால் பாதிக்கப்படுபவரிடமே நேரில் அதைச் சொல்லுங்கள்.