டிப்ளாய்மென்ட் பைப்லைனுக்கு எதற்கு முழு அட்மின் அதிகாரம்?

கன்டெய்னர்களைப் பல இயந்திரங்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெடிஸ் கிளஸ்டரை அமைக்க, இயந்திரத்தில் எதையும் செய்யவல்ல ரூட் அதிகாரம் வேண்டும். அதில் பேச்சே இல்லை. அமைத்து முடித்த பிறகும், செயலிகளை அதில் ஏற்றும் அன்றாட டிப்ளாய்மென்ட் அதே அதிகாரத்தில் ஓடுவதுதான் சிக்கல்.

கிளஸ்டரை அமைக்கும் கருவியான கியூப்அட்மின் உருவாக்கித் தரும் அட்மின்.கான்ஃப் கோப்பை, அப்படியே டிப்ளாய்மென்ட்டைத் தானாக ஓட்டும் பைப்லைனில் ஒட்டிவிடுபவர்கள் நிறைய. உடனே வேலை செய்வதால் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1.29-க்கு முந்தைய பதிப்புகளில் அதிலுள்ள சான்றிதழ் சிஸ்டம்:மாஸ்டர்ஸ் குழுவைச் சேர்ந்தது. யாருக்கு எந்த அனுமதி என்று வகுக்கும் ஆர்பேக் விதி எதுவும் அந்தக் குழுவைக் கட்டுப்படுத்தாது. கசிந்துவிட்டால் அந்தச் சான்றிதழை மட்டும் ரத்து செய்யும் வசதியும் குபர்னெடிஸில் கிடையாது. வழக்கமான ஓராண்டுக் கெடு முடியும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் சிஏ-வையே மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் அதை யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள். 1.29 முதல் அந்த அதிகாரம் சூப்பர்-அட்மின்.கான்ஃப் என்ற தனிக் கோப்புக்குப் போய்விட்டது. ஆனால் எங்காவது பழைய பிரதி கிடந்தால், கெடு முடியும்வரை அது பழைய பலத்தோடுதான் இருக்கும்.

சரி, பைப்லைனுக்கென்று தனி சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கல்ல, நிரலுக்கான கணக்கு) போட்டாயிற்று. அதற்கும் முழு அதிகாரம் தரும் கிளஸ்டர்-அட்மின் ரோலையே கொடுத்துவிட்டால் என்ன பயன்? பெரும்பாலும் செயலியை நிறுவ உதவும் பொதியான ஏதோ ஒரு ஹெல்ம் சார்ட்தான் இதற்குக் காரணம். அது கிளஸ்டர்ரோல் (கிளஸ்டர் அளவிலான அனுமதித் தொகுப்பு) உருவாக்கப் பார்க்கும், தன்னிடம் இல்லாத அனுமதியை ஓர் அக்கவுன்ட் பிறருக்குத் தர குபர்னெடிஸ் விடாது, பிழை வரும், அவசரத்தில் யாராவது எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். சிஆர்டி (குபர்னெடிஸில் புதுவகைப் பொருளைச் சேர்க்கும் வரையறை), கிளஸ்டர்ரோல் போன்றவற்றை ஒருவர் படித்துப் பார்த்துத் தனியே நிறுவட்டும். மற்றதை ஒரே நேம்ஸ்பேஸுக்குள் (கிளஸ்டரின் ஒரு தனிப் பிரிவு) அடங்கிய அக்கவுன்ட் பார்த்துக்கொள்ளும்.

அந்த அக்கவுன்ட்டையும் லேசாக எண்ண வேண்டாம். பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) உருவாக்க முடிந்தாலே அந்த நேம்ஸ்பேஸில் கடவுச்சொல் போன்றவற்றை வைத்திருக்கும் சீக்ரெட் எதையும் மவுன்ட் செய்து படிக்கலாம். இயந்திரத்தின் கோப்புறையைப் பாடுக்குள் இணைக்கும் ஹோஸ்ட்பாத்தைத் தடுக்காவிட்டால் நோடின் (பாட் ஓடும் இயந்திரத்தின்) கோப்புகளும் கைக்கு வந்துவிடும். ஹோஸ்ட்பாத்தைத் தடுக்கும் பாட் செக்யூரிட்டி அட்மிஷன் 1.25-லேயே நிலைபெற்றுவிட்டது, நேம்ஸ்பேஸில் உரிய லேபிள் போட்டால் போதும்.

அப்புறம் ஆன்சிபிள், அதாவது பல இயந்திரங்களை எஸ்எஸ்ஹெச் வழியாக அமைக்கும் கருவி. ரூட்டாகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோவில் சில கட்டளைகளை மட்டும் அனுமதித்து அதை அடக்கப் பார்ப்பார்கள். நடக்காது. தன் வேலைகளைச் செய்யும் மாட்யூல்களை அது தற்காலிகப் பைதான் கோப்புகளாக, ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் ஓட்டுகிறது. ஆகவே எஸ்எஸ்ஹெச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த இயந்திரத்திலிருந்து ஓட்டலாம் என்பதில்தான் கெடுபிடி காட்ட வேண்டும்.

சூடோ வேண்டாமென்று பயனரை, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்த அனுமதிக்கும் டாக்கர் குழுவில் சேர்ப்பதும் தீர்வல்ல. அந்தக் குழுவில் இருப்பவர், ஹோஸ்டின் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து ரூட்டாகவே நுழையலாம்.