"கணக்கில் வீக்" என்று எழுதி வைத்தால் போதாது

பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது நிறைய பேர் முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நடத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். நேரம் போகும், பிள்ளையும் சலித்துப்போகும், எங்கே சிக்கல் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

முதலில் சிக்கலைத் தேடுங்கள். அதற்கு மதிப்பெண் உதவாது, தப்பான விடைகள்தான் உதவும். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று சுழித்துவிட்டுப் போகாதீர்கள். 8-இல் 2 போனால் 6, 7-இல் 0 போனால் 7, 4-இல் 1 போனால் 3, அதாவது ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. பிரவுன், பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-லேயே இதைக் காட்டினார்கள்: கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பல தவறுகள் ஏனோதானோ என்று வருவதில்லை, பிள்ளை தனக்குள் வைத்திருக்கும் ஒரு தப்பான விதிப்படி வருகின்றன.

அந்த விதியைப் பிள்ளையின் வாயாலேயே கேளுங்கள். "எப்படிப் போட்ட, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, குறுக்கே திருத்தாமல் இருங்கள் (இதுதான் கஷ்டம்). அப்புறம் ஒரு படி பின்னால் போங்கள். 402-இல் நடுவில் இருக்கும் 0 எதைச் சொல்கிறது? ஒரு நூறை எத்தனை பத்துகளாகப் பிரிக்கலாம்? இதற்கே தடுமாறினால் பிரச்சினை கழித்தலில் இல்லை, இடமதிப்பில். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் தசமம் வரும்போது 0.5-ஐ விட 0.45 பெரியது என்று அதே பிள்ளை சொல்லும்.

இனி நோட்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். "கணக்கில் வீக்" என்று எழுதினால் நாளைக்கு என்ன நடத்துவது என்று தெரியாது. "நடுவில் 0 வந்தால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை" என்று எழுதினால் தெரியும். கீழே தேதி, அன்று செய்தது, யாரும் உதவாமல் 5 கணக்கில் எத்தனை சரி. "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்குக் கிடைத்த தலையாட்டலை எழுத வேண்டாம், புரியாத பிள்ளையும் தலையாட்டும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு குறையை எடுங்கள். வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதை விட 20 நிமிடமாக மூன்று நாள் பிரிப்பது நல்லது, இடைவெளி விட்டுப் படித்தால்தான் நினைவில் நிற்கும். விளையாட்டு நேரத்தில் கைவைக்காதீர்கள், உதவி தண்டனையாகிவிடும். ஒரே குறை உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைக்கலாம்.

வாசிப்பு என்றால் வாரம் ஒருமுறை, அதே அளவு கடினமான புதுப் பத்தி ஒன்றை ஒரு நிமிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த சொற்களை எண்ணி வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இன்றைய நிலையிலிருந்து இலக்குக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால், தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழும்போது சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அப்போதும் அசையவில்லையா, கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நடத்திய அன்றே சரியாகப் போட்டால் முடிந்தது என்று நோட்டில் எழுதிய குறையை அடித்துவிடாதீர்கள். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, வேறு கணக்குகளுக்கு நடுவே அதையும் கலந்து கொடுங்கள். அப்போதும் தானாகவே சரியாகப் போட்டால், பிள்ளையைக் கூப்பிட்டு அதன் கண்ணெதிரே அந்த வரியை அடித்து, தேதி போட்டு, அடுத்த குறையை எழுதுங்கள்.