கொங்குப் பேச்சில் தெரிந்த சொல்தான் இடறும்

வெளியூரிலிருந்து ஈரோடு, கோபி பக்கம் குடிவருபவர்கள் "ஒடக்கான்" என்ற சொல்லால் ஏமாறுவதில்லை. புதிய சொல் என்பதால் உடனே கேட்டுவிடுகிறார்கள், ஓணான் என்று தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான் இடறிவிடும். அதைக் கேட்காமலே புரிந்ததாக எடுத்துக்கொள்வது முதல் தவறு.

"பொழுதோட வாங்க" என்றார் ஒரு தோட்டத்து அம்மா. எங்கள் தஞ்சைப் பக்கம் பொழுதோடு வருவது என்றால் இருட்டுமுன் வருவது. நான் இரண்டு மணிக்கே போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது, கட்டுத்தரையில் ஓர் எருமை மட்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொங்கில் பொழுதோட என்றால் சாயங்காலம். பழமை பேசுவது என்றால் பழங்கதை அல்ல, சாதாரணப் பேச்சு. நோம்பி, நோன்பிலிருந்து வந்த சொல். ஆனால் பட்டினி அல்ல, பண்டிகை. தீபாவளியும் நோம்பிதான். மாரியம்மன் நோம்பிக்கு அழைத்தால் பசியோடு போங்கள்.

சொல்லை உடைத்துப் பொருள் தேடுவதும் ஆகாது. "இட்டேரியில் போங்க" என்றால் ஏரியைத் தேடாதீர்கள். இருபுறமும் கிளுவை வேலி அடைத்து, விளைநிலங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம் அது.

எனக்குப் பொறுக்காத தவறு ஒன்று உண்டு: திருத்துவது. "ஒறம்பரை வந்திருக்கிறார்கள்" என்று சொல்லும் குழந்தையிடம் "விருந்தாளி என்று சொல்" என்கிறார்கள். உறவும் விருந்தும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. மாற்றினால் பாதி போய்விடும். திசைச்சொல் என்று தொல்காப்பியமே இத்தகைய சொற்களுக்கு இலக்கணத்தில் இடம் தந்திருக்கிறது.

பொது அகராதியில் இல்லாததால் சொல்லே தவறு என்று முடிவு கட்டாதீர்கள். பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைப் புரட்டிப் பாருங்கள். அதன்பிறகும் அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊருக்கு ஊர் பொருள் சற்று நகரும். "அர்த்தம் என்ன?" என்று கேட்டால் பலருக்குச் சொல்ல வராது. "எதை அப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். பொடக்காலியைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் எழுந்து என்னை வீட்டின் பின்புறம் கூட்டிப்போய், பாத்திரம் துலக்கும் கல், வெந்நீர் அடுப்பு, முருங்கை மரம் என ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.